திரும்பப் பெற முடியாத கையெழுத்து: காப்புறுதி ‘டிரஸ்ட் நாமினேஷன்’ சேவை குறித்த மதிப்புரை

சிங்கப்பூரில் ஆயுள் காப்புறுதி வைத்திருப்பவர்கள் தங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் கட்டணமின்றிப் பெறக்கூடிய சேவை ஒன்று உண்டு. அலுவலக வழக்கில் அதை ‘டிரஸ்ட் நாமினேஷன்’ என்கிறார்கள். கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களைப் பயனாளிகளாக எழுதி, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையெழுத்திட்டு, படிவத்தை நிறுவனத்திடம் சேர்த்துவிட்டால், அந்தக் காப்புறுதியிலிருந்து வரும் பணம் முழுவதும் அவர்களுக்கே உரியதாகிவிடும். எழுதிக் கொடுத்தவர் பிற்பாடு மனம் மாறினாலும், தாமாக அதைத் திரும்பப் பெற இயலாது. நான் பல ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் ஆயுள் காப்புறுதி ஒன்றுக்கு அண்மையில் இந்த நியமனத்தைச் செய்து முடித்தேன். சட்டம் வகுத்துத் தந்திருக்கும் ஏற்பாடு மிகச் சிறந்தது. ஆனால் அது நம் கைக்கு வந்து சேரும் விதம், அந்தக் கையெழுத்தின் கனத்துக்குச் சற்றும் பொருந்தாதது. இரண்டையும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது நடைமுறையில் உள்ள நியமன முறை 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. காப்புறுதிச் சட்டத்தில் அன்று 49எல், 49எம் என்று சேர்க்கப்பட்ட பிரிவுகள், சட்டத் தொகுப்பு திருத்தி வெளியிடப்பட்ட பிறகு 132, 133 என்னும் எண்களைப் பெற்றுள்ளன. முதலாவது டிரஸ்ட் நாமினேஷன். இரண்டாவது, விரும்பியபோது மாற்றிக்கொள்ளக்கூடிய சாதாரண நியமனம். சாதாரண நியமனத்தில் யாரை வேண்டுமானாலும் எழுதலாம். காப்புறுதிதாரர் இறந்தால் கிடைக்கும் தொகை மட்டுமே அவர்களுக்குப் போகும். அவர் உயிரோடு இருக்கும்வரை காப்புறுதி அவருடைய சொத்துத்தான். டிரஸ்ட் நாமினேஷனில் வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகளையும் தவிர வேறு எவரையும் எழுத முடியாது. பெற்றோரைக்கூட எழுத முடியாது. இறப்புத் தொகை மட்டுமல்லாமல், உயிரோடு இருக்கையில் அந்தக் காப்புறுதியின்கீழ் வரும் எந்தப் பணமும் பயனாளிகளுக்கே சேரும். அதை ரத்து செய்ய வேண்டுமானால், பயனாளிகள் எல்லாருடைய எழுத்துபூர்வமான சம்மதமோ, காப்புறுதிதாரர் அல்லாத ஓர் அறங்காவலரின் (பயனாளிகளுக்காகப் பணத்தைப் பெற்றுப் பொறுப்பாக வைத்திருப்பவரின்) சம்மதமோ தேவை.

இந்தப் பிரிவினைக்கு முன்பு இருந்த நிலையை அறிந்தால்தான் இந்தச் சேவையின் அருமை விளங்கும். 2009க்கு முன்னர், சொத்து மாற்றம் தொடர்பான பழைய சட்டத்தின் 73ஆம் பிரிவு நடப்பில் இருந்தது. அதற்கு வேராக இருந்தது இங்கிலாந்தில் 1882இல் இயற்றப்பட்ட மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம். கடன்காரர்கள் கணவனின் சொத்தை வாரிக்கொண்டு போனாலும் மனைவி மக்களுக்கென்று ஒரு தொகை மிஞ்சட்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்தது அது. இதே மரபில் இந்தியாவில் 1874இல் வந்த சட்டத்தின்கீழ் இன்றும் காப்புறுதி எடுப்பவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால், 73ஆம் பிரிவின்படி, விண்ணப்பத்தில் மனைவியின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ பயனாளி என்று எழுதியவுடனேயே, டிரஸ்ட் எனப்படும் அறக்கட்டளை ஒன்று, அதாவது பணம் பயனாளிகளுக்கே உரியது என்னும் சட்டக் கட்டு, தானாகப் பிறந்துவிடும். எழுதியவர்களில் பலருக்கு அது தெரியாது. பின்னாளில் காப்புறுதியை முறித்துப் பணம் பெற முயன்றபோதும், மணவாழ்க்கை முறிந்தபோதும்தான், அது தங்கள் சொத்தாக இல்லை என்பதை அவர்கள் அறிந்தார்கள்.

அறியாமல் கட்டுப்படுதல் என்னும் இந்தச் சிக்கலை நம் சமய மரபு வெகு காலத்துக்கு முன்பே ஒரு வழக்காக நடத்திப் பார்த்திருக்கிறது. புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் முதியவர் ஒருவர் வந்து நின்று, மணமகன் தமக்கு அடிமை என்றும், அவனுடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த ஆளோலை தம் கையில் இருக்கிறது என்றும் சொல்கிறார். சுந்தரர் அவரைப் பித்தர் என்று இகழ்ந்து, ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை வேறு இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் உணர்ச்சிவசப்படவில்லை, மூலவோலையை வாங்கிப் படிக்கிறார்கள், சாட்சிகளின் கையெழுத்தைப் பார்க்கிறார்கள், பாட்டனாரின் எழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாம் பொருந்தியதும் சுந்தரருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்தக் கதையைப் பக்தியோடு கேட்டு வளர்ந்த நமக்கு, அதனுள்ளே எவ்வளவு துல்லியமான ஆவண விசாரணை நடக்கிறது என்பது எளிதில் கண்ணில் படுவதில்லை. வந்தவர் இறைவன் என்பதால் அந்தக் கட்டு அருளாக முடிந்தது. ஆனால், தான் கையெழுத்திடாத ஓலைக்கு ஒருவன் கட்டுப்பட்டான் என்ற உறுத்தல் கதையில் இருக்கத்தான் செய்கிறது. 73ஆம் பிரிவில் அகப்பட்டவர்களுக்குத் திருவெண்ணெய்நல்லூரில் கிடைத்த அருள் கிடைக்கவில்லை. 2009ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், திரும்பப் பெற முடியாத ஏற்பாட்டைத் தனிப் படிவத்தில், தனிச் சாட்சிகளோடு, வெளிப்படையாகத் தேர்ந்தெடுத்தால்தான் செல்லும் என்று ஆக்கியது. என் பார்வையில் இந்தச் சேவையின் முதற்பெருமை அதுவே.

இனிப் படிவத்துக்கு வருகிறேன். டிரஸ்ட் நாமினேஷனுக்குப் படிவம் 1, சாதாரண நியமனத்துக்குப் படிவம் 4. விதிமுறைகளே படிவங்களை வகுத்திருப்பதால், எந்த நிறுவனத்திடம் கேட்டாலும் உள்ளடக்கம் ஒன்றுதான். பயனாளியின் பெயர், அடையாள அட்டை எண், உறவுமுறை, பங்கின் விழுக்காடு. விழுக்காடுகளைக் கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். அறங்காவலரின் பெயருக்குத் தனி இடம் உண்டு. காப்புறுதிதாரருக்கு 18 வயதும், சாட்சிகளுக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். பயனாளிகளோ அவர்களுடைய கணவர், மனைவியரோ சாட்சியாக நிற்க முடியாது. நான் மனைவிக்கு 50 விழுக்காடும் பிள்ளைகள் இருவருக்கும் தலா 25 விழுக்காடும் எழுதினேன். இளையவனுக்கு இன்னும் 18 ஆகவில்லை. ஆகையால் நாளை இதை ரத்து செய்ய நேர்ந்தால், அவன் சார்பில் சம்மதம் தெரிவிக்க வேண்டியவர், காப்புறுதிதாரரான நானாக இல்லாத பெற்றோர், அதாவது என் மனைவி. மூத்த மகள் தானே கையெழுத்திட வேண்டும். ஒரு வீட்டுக்குள் அதிகாரம் எப்படிப் பகிர்ந்தளிக்கப்படுகிறது என்பதை அந்த ஒரு விதி எங்களுக்குத் தெளிவாகக் காட்டியது.

முதலில் நான் நிறுவனத்தை நேரடியாகத்தான் அணுகினேன். அங்கிருந்து படிவமும், நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்புமாறு ஒரு வரியும் மின்னஞ்சலில் வந்தன. தொலைபேசியில் விளக்கம் கேட்டபோது, படிவத்தின் பின்னிணைப்பைப் படித்துக்கொள்ளுமாறு சொன்னார்கள். அந்தப் பின்னிணைப்பில் பிழை எதுவும் இல்லை. எல்லாம் எழுதப்பட்டே இருக்கிறது. இருந்தாலும், முகவரி மாற்றத்துக்கு அனுப்பும் படிவத்தைப் போலவே இதையும் அனுப்பியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு மனிதர் தம் சொத்தின்மீது வைத்திருக்கும் உரிமையைக் கைவிடும்போது, எதிரில் ஒரு முகமாவது இருக்க வேண்டும்.

அதன் பிறகுதான், நண்பர் ஒருவர் சொல்லி, சிராங்கூன் சாலைப் பக்கம் சிறிய அலுவலகம் வைத்திருக்கும் நிதி ஆலோசகர் அம்மையாரிடம் சென்றேன். என் மனைவியையும் அழைத்துவருமாறு அவர் கேட்டுக்கொண்டார். படிவத்தை மேசையில் விரித்து, பேனாவை எங்களிடம் தராமல் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, விளைவுகளைச் சொல்லும் ஒவ்வொரு வரியையும் தமிழில் எடுத்துச் சொன்னார். உயிரோடு இருக்கையில் வரும் பணம் பற்றிய இடத்தில் விரலை வைத்தவர், “ஐயா, நாளைக்கு உங்களுக்கே ஒரு பெரிய நோய் வந்து, இந்தப் பாலிசியில் தொகை கிடைத்தால், அது உங்கள் கைக்கு வராது. அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும்தான் போகும். புரிந்துகொண்டு சொல்லுங்கள்,” என்றார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி, “அப்படியென்றால் இவருடைய வைத்தியச் செலவுக்கு வேறு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்,” என்றார். அன்று கையெழுத்திடவில்லை. தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் போக, தீவிர நோய்க்கென்று நான் வைத்திருக்கும் தனிக் காப்புறுதியை நியமனத்தில் சேர்க்காமல் விட்டுவைப்பது என்று முடிவு செய்த பிறகே மறுபடி போய்க் கையெழுத்திட்டேன். ஆலோசகர் இதற்காகத் தனிக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

மாவலி மன்னன் மூன்றடி மண்ணைத் தாரை வார்க்கும் வேளையில், வந்திருப்பவன் யார் என்று எச்சரிக்கிறார் குலகுரு சுக்கிராச்சாரியார். அதுவரை அவர் செய்தது ஆலோசகரின் கடமை. எச்சரித்த பிறகும் அரசன் கொடுக்கத் துணிந்தபோது, வண்டாகிக் கமண்டலத்தின் வாயை அடைத்தாரே, அங்கேதான் எல்லை மீறினார், கண்ணையும் இழந்தார். நீர் விழுவதற்கு முன்பு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அதன் பிறகு குறுக்கே நிற்கக் கூடாது என்ற இந்த ஒழுங்கை அந்த அம்மையார் இயல்பாகவே கடைப்பிடித்தார். படிவத்தை மட்டும் அனுப்பிவைக்கும் நிறுவனம் முதல் பாதியைச் செய்வதே இல்லை.

குறைகளில் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று. சிங்கப்பூரில் ஆயுள் காப்புறுதி வாங்குபவருக்கு, பாலிசி ஆவணம் கைக்கு வந்ததிலிருந்து 14 நாள் அவகாசம் உண்டு. வேண்டாமென்றால் அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்குவதற்கு இருக்கும் இந்த அவகாசம், வாங்கியதன் உரிமையையே விட்டுக்கொடுக்கும் நியமனத்துக்கு இல்லை. கையெழுத்திடுவதற்கு முன்பு ஒரு கட்டாய இடைவெளியை, ஒரு வாரமேனும், விதிமுறையில் சேர்த்தால் எவருக்கும் நட்டமில்லை. தமிழ், மலாய், சீன மொழிகளில் ஒரு பக்க விளக்கத்தாளும் படிவத்தோடு வர வேண்டும். எங்கள் தலைமுறையில் தாய்மார்கள் பலர் ஆங்கிலப் படிவங்களில் பிள்ளைகள் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுப் பழகியவர்கள்.

மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை புரியும். உயிலை இறக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். உயில் எழுதிய பின் திருமணம் செய்துகொண்டால், முஸ்லிம் அல்லாதவரின் உயில் பொதுவாகத் தானாகவே செல்லாமல் போகும். மத்திய சேம நிதி நியமனமும் திருமணத்தால் ரத்தாகும், விவாகரத்தால் ரத்தாகாது. டிரஸ்ட் நாமினேஷனை இரண்டுமே அசைப்பதில்லை. அக்கினி சாட்சியாகச் செய்த திருமணத்தையே, மூன்று ஆண்டுகள் கடந்த பின் தக்க காரணம் இருந்தால் முடித்துக்கொள்ள, சிங்கப்பூரின் திருமணச் சட்டமான மாதர் சாசனம் வழி வைத்திருக்கிறது. அந்தத் திருமணத்தை நம்பி எழுதிய படிவம் அதன் பிறகும் தானாக ரத்தாவதில்லை. மணவாழ்க்கை உறுதியாக இல்லாதவர்கள் இதைத் தொடவே கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். அவர்களுக்குச் சாதாரண நியமனமே போதும்.

அப்படியிருக்க, திரும்பப் பெற முடியாதபடி எழுதுவதில் என்ன நன்மை என்று என் தம்பி கேட்டான். நன்மை அந்தத் தன்மையில்தான் இருக்கிறது. கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்தோடு செய்ததாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, என் தொழில் நொடித்தாலும் இந்தப் பணத்தின்மீது எவரும் கை வைக்க முடியாது. நானே நாளை நெருக்கடியில் மனம் தளர்ந்து, காப்புறுதியை முறித்துக் காசாக்க நினைத்தாலும் முடியாது. நான் மாற்ற முடியாது என்பதால்தான் என் மனைவி இதை நம்பி வாழ முடியும். நாடுகளுக்கும் இது பொருந்தும். ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் தண்ணீர் பெறுவதற்கான, 2061 வரை நீளும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது செய்த 1965ஆம் ஆண்டுப் பிரிவினை ஒப்பந்தம் உறுதிப்படுத்தியது; அந்தப் பிரிவினை ஒப்பந்தம் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் பதிவும் செய்யப்பட்டது. ஒரு தரப்பு மட்டும் நினைத்து மாற்ற முடியாது என்ற ஒரே காரணத்தால்தான் இந்தத் தீவில் வாழ்பவர்கள் அதன்மேல் நம்பிக்கை வைக்க முடிந்தது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலில் நந்தா விளக்கு எரிய ஆடுகளைக் கொடையாக விட்ட செய்தி திரும்பத் திரும்ப வரும். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்றே கல்லில் வெட்டினார்கள். ஆடு சாகும், மூப்படையும் என்பது வெட்டியவர்களுக்குத் தெரியாததல்ல. செத்த ஆட்டின் இடத்தை மந்தையில் பிறந்த குட்டி நிரப்பும். பெற்றுக்கொண்ட இடையனின் கடமையை அவனுடைய வழியினர் ஏற்பார்கள். ஆகையால் எண்ணிக்கை குறையாது, விளக்கும் அணையாது. சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதியவர்கள், அவ்வளவு காலம் நீடிப்பதற்கான ஏற்பாட்டையும் கூடவே செய்துவைத்தார்கள். இதை அழித்தவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையே உள்ளவர்கள் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்ற சாபத்தையும், காத்தவனின் பாதம் என் தலைமேல் என்ற வணக்கத்தையும் பிற்கால அரசர்களுக்காகச் சேர்த்து வெட்டினார்கள்.

இஸ்லாமிய மரபின் வக்ஃபும் இதற்கு மிக நெருக்கமானது. அர்ப்பணித்த சொத்தை விற்கவோ, தானம் செய்யவோ, வாரிசுகள் பங்கிடவோ முடியாது. ஆனால் கட்டடம் பாழடைந்து பயன் குன்றும்போது, உரிய நிபந்தனைகளோடு அதற்கு ஈடான வேறு சொத்தை மாற்றாக வைக்கச் சமயச் சட்டம் இடம் தருகிறது. சிங்கப்பூரிலும், இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் அந்த வழியைப் பயன்படுத்தியிருக்கிறது. பொருள் மாறலாம், நோக்கம் மாறக் கூடாது. வேதாகமத்தின் எஸ்தர் கதையிலும், அரசனின் முத்திரை இட்ட ஆணையை அரசனாலேயே ரத்து செய்ய முடியாமல், அதன் தீங்கைத் தடுக்க இரண்டாவது ஆணை ஒன்று பிறக்கிறது.

பயனாளிகள் எல்லாருடைய சம்மதமும் கிடைக்காதபோது, டிரஸ்ட் நாமினேஷனில் இத்தகைய நெகிழ்ச்சிக்கு உள்ள ஒரே வாயில் அறங்காவலர். அந்த இடத்தை வெறுமையாக விடுவதும், தம் பெயரையே அங்கு எழுதுவதும் உண்டு. காப்புறுதிதாரரே அறங்காவலரானாலும், ரத்து செய்வதற்குச் சம்மதம் தரும் இடத்தில் அவருடைய கையெழுத்து செல்லாது. குடும்பத்தின் நன்மை தீமை அறிந்த, பயனாளி அல்லாத ஒருவரை அங்கே நிறுத்துவது நல்லது. நாங்கள் என் மனைவியின் அண்ணனை எழுதினோம். மச்சான் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒப்புக்கொள்வதற்கு முன்பு படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று முழுவதும் படித்தார்.

நெகிழ்ச்சியைத் தேடுவது வேறு, ஓட்டையைத் தேடுவது வேறு. சுந்தரரே பின்னாளில் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, பிரியேன் என்று கோயிலில் சூளுரைக்க வேண்டியிருந்தது. சூளுரைக்கும் நேரத்தில் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடியில் போய் இருக்குமாறு இறைவனிடமே அவர் கேட்டுக்கொண்டார். செய்தி சங்கிலியாரின் பக்கம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்ததால், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் செய்யச் சொல்லிவிட்டார்கள். பிறகு திருவாரூர் நினைவில் ஊர் எல்லையைக் கடந்தார், கண்ணொளி இழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைத்தன என்பது வரலாறு. பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஏதாவது வழி இருக்கும் என்ற எண்ணத்தோடு இந்தப் படிவத்தில் கையெழுத்திட நினைப்பவர்களுக்கு என் மனத்தில் வருவது அந்த மகிழ மரம்தான்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் குடும்பங்களுக்கும், சொந்தத் தொழில் செய்து கடன் பொறுப்பு ஏற்றிருப்பவர்களுக்கும் இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு காப்புறுதி வைத்திருப்பவர்கள், அதிலேயே தீவிர நோய்க் காப்பும் சேர்ந்திருந்தால், அவசரப்பட வேண்டாம். படிவத்தைச் சேர்த்த பின், பதிவானதை உறுதிப்படுத்தும் கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, அதன் படியை அறங்காவலரிடமும் கொடுத்து வையுங்கள். 2009 செப்டம்பருக்கு முன்பு காப்புறுதி எடுத்து, அதில் அப்போதே மனைவி மக்களின் பெயரைக் குறித்திருப்பவர்கள், புதிய படிவம் எதையும் நிரப்புவதற்கு முன்பு, தங்கள் பாலிசியில் பழைய 73ஆம் பிரிவின்கீழ் அறக்கட்டளை ஏற்கெனவே ஏற்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள். அப்படி ஏற்பட்டிருந்தால், அந்தக் காப்புறுதியைப் பழைய சட்டமே இன்றும் ஆள்கிறது.